கதையில் 12 நாள், ஷூட்டிங் 24 நாள்: காயம், தாடி, தலைமுடி கன்டினியூட்டியை எப்படிக் காப்பாற்றுவது?

கண்மை:

வணக்கம். ஆறு வருடமாகக் கல்யாண மேக்கப் செய்கிறேன். இப்போதுதான் முதல் தடவையாக ஒரு சின்னப் படத்தில் ஒப்பனை, தலைமுடி இரண்டும் என் பொறுப்பில் வந்திருக்கிறது, உதவிக்கு ஒரு பெண் மட்டும். நாயகன் லாரி ஓட்டுநர். இரவில் ஒரு விபத்து, இடது புருவத்துக்கு மேலே வெட்டுக்காயம், தையல் போடுகிறார்கள், அதற்குப் பிறகு கதை 12 நாள் நகர்கிறது, அந்த 12 நாளும் அவர் சவரம் செய்வதில்லை. இதை 24 நாளில் எடுக்கிறோம். தேனிப் பக்கம் 14 நாள், ஐந்து வாரம் இடைவெளி, அப்புறம் சென்னையில் வீட்டுக்குள் நடப்பவை 10 நாள்.

நாலாவது நாள், அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வரும் காட்சியை எடுத்தோம். ஆறாவது நாள், கதைப்படி அதற்கு முந்தின இரவு வார்டில் நடப்பதை எடுத்தோம். நேற்று லேப்டாப்பில் இரண்டையும் ஒட்டிப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காயம் ஒரு விரல் அகலம் நெற்றிப்பொட்டுப் பக்கம் நகர்ந்திருக்கிறது. முந்தின இரவு அடர்த்தியாக இருக்கும் தாடி மறுநாள் காலையில் குறைந்திருக்கிறது. இயக்குநர் திட்டவில்லை, "இனிமேல் பார்த்துக்கலாம்மா" என்றார், அவ்வளவுதான். ஆனால் அந்த வார்டுக் காட்சியில் நடிகர் உயிரைக் கொடுத்து நடித்திருக்கிறார், பார்க்கிறவர்கள் அவர் கண்ணைப் பார்க்காமல் என் காயத்தைப் பார்த்துவிடுவார்களோ என்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

கல்யாணத்தில் ஒரு முகத்துக்கு ஒரே நாள்தான், அன்றைக்கு எவ்வளவு நன்றாக வருகிறதோ அவ்வளவு நல்லது. இங்கே கன்டினியூட்டி, அதாவது தொடர்ச்சி விட்டுப்போகாமல் இருக்க நேற்றுப் போட்டதையே திரும்பப் போட வேண்டும், நேற்றையதைவிட நன்றாகவும் வந்துவிடக் கூடாது. என் கைக்கு அது இன்னும் பழகவில்லை.

காயத்தை ஒரே இடத்தில் வைப்பது எப்படி? ஐந்து வார இடைவெளியில் அவர் வேறு வேலைக்குப் போவார், தாடியை என்ன செய்வது? மனைவி பாத்திரத்துக்குத் தலை நிறைய மல்லிகைப் பூ, அதுவும் ஒரே சாயங்காலத்தில் மூன்று காட்சி, எடுப்பதோ மூன்று வெவ்வேறு நாளில். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டச்சப் பெட்டி:

தங்கச்சி, முதலில் ஒரு விஷயம். நீங்கள் நோட்டில் சீன் நம்பர் போட்டுத்தானே எழுதுகிறீர்கள்? உங்கள் தப்பு அங்கேதான் ஆரம்பித்திருக்கும் என்று நினைக்கிறேன். முகத்துக்கு சீன் நம்பர் தெரியாது, நாள்தான் தெரியும். இன்றைக்கு ராத்திரியே ஸ்கிரிப்டை எடுத்து உட்காருங்கள். ஒவ்வொரு காட்சிக்குப் பக்கத்திலும் "கதை நாள் 1 இரவு", "கதை நாள் 2 காலை" என்று பென்சிலில் எழுதுங்கள். எழுதும்போதே பல இடத்தில் சந்தேகம் வரும், இது மூன்றாம் நாளா நாலாம் நாளா என்று. அதை இயக்குநரிடம் உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அவரும் அதுவரை யோசித்திருக்க மாட்டார். அதற்குப் பிறகு காலையில் கால்ஷீட் (அன்றைக்கு எடுக்கப்போகும் காட்சிகளின் பட்டியல்) கைக்கு வந்ததும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான், இன்றைக்கு அந்த மனுஷனுக்கு அடிபட்டு எத்தனை நாள் ஆகிறது?

அது தெரிந்துவிட்டால் காயம் தானாகவே சொல்லும். அடிபட்ட அன்று சிவப்பும் வீக்கமும். இரண்டாம், மூன்றாம் நாள் நீலமும் ஊதாவும். ஐந்தாறு நாளில் ஓரம் பச்சையாக ஆரம்பிக்கும், ஒரு வாரம் தாண்டினால் மஞ்சள், இரண்டு வாரத்தில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். புருவத்துக்கு மேலே அடி என்றால் இன்னொன்றும் உண்டு, நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்: ரத்தக்கட்டு கீழே இறங்கும். மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ இமையும் கண்ணுக்கு அடியும் கறுத்துவிடும். காயம் மேலே இருக்கிறது, கண் ஏன் கறுப்பு என்று யாராவது கேட்டால் தைரியமாகச் சொல்லுங்கள், நிஜத்தில் அப்படித்தான் ஆகும். முகத்தில் போட்ட தையலைச் சுமார் ஐந்து நாளில் பிரித்துவிடுவார்கள், ஆகவே ஆறாம் நாளுக்குப் பிறகு கறுப்பு நூல் தெரியக் கூடாது, இளஞ்சிவப்பாக ஒரு கோடும் கொஞ்சம் பொருக்கும் போதும். உங்கள் ஊரில் தெரிந்த நர்ஸ் யாராவது இருந்தால் ஒரு அரைமணி நேரம் பேசிவிடுங்கள்.

இடம் மாறாமல் இருக்க, பழைய ஓஹெச்பி ஷீட் ஒன்று வாங்குங்கள், கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் பிளாஸ்டிக் தாள், ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும். நடிகரை நிமிர்ந்து உட்கார வைத்து, கண்ணை மூடி முகத்தைத் தளர விடச் சொல்லுங்கள். புருவம் சுருங்கியிருந்தால் அளவு தப்பிவிடும். ஷீட்டை நெற்றியில் வைத்துப் புருவத்தின் இரண்டு முனையையும், நிஜமாகவே ஒரு மச்சமோ தழும்போ இருந்தால் அதையும் மார்க்கரில் குறியுங்கள், அப்புறம் காயத்தின் வடிவத்தைக் குறித்து அந்த இடத்தை பிளேடால் வெட்டி எடுத்துவிடுங்கள். மேல்பக்கம் எது என்று ஒரு அம்புக்குறி போட மறக்காதீர்கள். தினமும் காலையில் அதை வைத்து, ஓட்டை வழியாக ஐப்ரோ பென்சிலால் நாலு புள்ளி. பத்து வினாடி வேலை. இதையே இரண்டு செட் செய்து ஒன்றை உதவிப் பெண்ணிடம் கொடுங்கள்.

காயத்தைத் தினமும் மெழுகில் கையால் செய்கிறீர்களா, சிலிக்கான் துண்டா? கையால் என்றால் பன்னிரண்டு நாளும் ஒரே மாதிரி வராது, எனக்கே வராது. ஒரு தடவை களிமண்ணில் செய்து தட்டையான அச்சு எடுத்துவிட்டால் எல்லாத் துண்டும் ஒரே அளவில் வரும். கழற்றும்போது ஓரம் கிழிந்துவிடும், திரும்ப ஒட்ட முடியாது, அதனால் படப்பிடிப்பு நாள் ஒன்றுக்கு ஒரு துண்டு, மேலே நாலைந்து உபரி என்று கணக்குப் போட்டு இப்போதே தயாரிப்பு மேனேஜரிடம் காசு கேளுங்கள்.

தாடிக்கு வருவோம். முகத்தில் இருப்பதைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. தாடி ஒரு நாளைக்கு 0.3, 0.4 மில்லிமீட்டர் வளரும், கதையின் கடைசி நாளில் அவருக்கு 4, 5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு இடத்திலும் கதையின் பிந்தின நாட்களை முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் டிரிம்மரில் 3, 2, 1 என்று இறங்கி வருவதுதான் சுலபம். இதை அசிஸ்டென்ட் டைரக்டரிடம் நீங்கள் போய்ச் சொன்னால்தான் உண்டு, ஷெட்யூல் போடுகிறவர் லொகேஷனையும் ஆர்ட்டிஸ்ட் தேதியையும் பார்ப்பார், தாடியைப் பார்க்க மாட்டார். எந்தக் கதை நாளுக்கு டிரிம்மரில் எந்த நம்பர் சீப்பு என்று நோட்டில் எழுதுங்கள், டிரிம்மரையும் மாற்றாதீர்கள், இரண்டு கம்பெனி டிரிம்மரின் 2 ஒன்றாக இருக்காது. சென்னை ஷெட்யூலுக்கு இரண்டு வாரத்துக்கு முன்னாலிருந்து சவரம் வேண்டாம் என்று அவரிடம் இன்றைக்கே வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் லேஸ் தாடி (மெல்லிய வலையில் முடி கோத்த ஒட்டுத்தாடி) ஒன்றுக்கு இப்போதே அளவு எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது.

பின்னல்காரி:

அண்ணன் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. முடி பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் முகத்தைப் பேசிவிட்டு முடியைக் கடைசியில் ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். ஆஸ்கரில்கூட ஒப்பனைக்கு 1981ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து தனி விருது இருக்கிறது, அதன் பெயரில் சிகையலங்காரம் சேர்ந்தது 2012இல்தான்.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு வரலாறும் உண்டு. பெண்களுக்கு ஹேர் டிரஸ்ஸர் என்ற உறுப்பினர் கார்டு மட்டும்தான், மேக்கப் கார்டு ஆண்களுக்கு என்று சினிமா சங்கங்கள் வைத்திருந்தன. ஒப்பனைக் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது. அந்த ஏற்பாட்டில் மேக்கப் மேன் நோட்டு வேறு, ஹேர் டிரஸ்ஸர் நோட்டு வேறு. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் இரண்டு நோட்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை, நெற்றியில் விபூதி கலைந்திருக்கும், அதே காட்சியில் தலை வாரியபடி இருக்கும். கண்மை, உங்களுக்கு இரண்டும் ஒரே கையில் வந்திருக்கிறது. பாரம்தான், ஆனால் இது பெரிய வசதி. ஒரே நோட்டு போடுங்கள்.

போட்டோ எடுக்கும்போது முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, பின்பக்கம், உச்சி. பின்பக்கத்தை யாரும் எடுப்பதில்லை, ஆனால் இரண்டு பேர் பேசும் காட்சி என்றால் பாதி நேரம் ஃபிரேமில் இருப்பது ஒருவருடைய பின்னந்தலைதான். செல்ஃபி கேமராவில் எடுக்கவே எடுக்காதீர்கள், சில போனில் படம் இடம் வலம் மாறிப் பதிவாகும். கண்ணாடியில் தெரிவதைப் படம் எடுத்தாலும் அதே கதி. நோட்டில் "இடது" என்றால் எப்போதும் நடிகரின் இடது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவைத்து, உதவிப் பெண்ணுக்கும் அதைப் பழக்குங்கள், நாம் எதிரே நின்று வேலை செய்வதால் நம் கைக்கு அது வலது. வகிடு, மூக்குத்தி, காதோரம் விழும் சுருள் என்று பாதித் தப்பு இதில்தான் வருகிறது.

மல்லிகைக்கு வருகிறேன். காலையில் வாங்கினால் மொட்டு, சாயங்காலம் விரியும், மறுநாள் காலையில் பழுப்பு. கதையில் நேரம் சாயங்காலம், நீங்கள் எடுப்பதோ காலை பத்து மணிக்கு என்றால் மொட்டாக நிற்கும், பெண்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள். நான் செய்வது, முந்தின நாள் மாலை விரிய ஆரம்பிக்கும்போது வாங்கி, வாழை இலையில் சுற்றி, ஈரத்துணி போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்துவிடுவேன். காலையில் எடுத்தால் முந்தின சாயங்காலம் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். எத்தனை முழம், நெருக்கமாகக் கட்டியதா கலக்கமாகக் கட்டியதா, எந்த இடத்தில் ஊசி, எந்தத் தோள் பக்கம் தொங்குகிறது, எல்லாம் நோட்டில் வேண்டும். ஒரே பூக்காரம்மாவிடம் வாங்குங்கள், கட்டு கைக்குக் கை மாறும். மூன்று காட்சிக்கும் மூன்று நிலை வைத்துக்கொள்ளலாம், கோயிலில் நிறைய, ஆஸ்பத்திரி வராந்தாவில் கொஞ்சம் சரிந்து, ராத்திரி வீட்டில் நாலைந்து பூ உதிர்ந்து. பூவிலேயே அவள் அன்றைக்குப் பட்ட பாடு தெரியும்.

ஐந்து வாரத்தில் தலைமுடி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிடும். காதோரமும் பிடரியும்தான் காட்டிக்கொடுக்கும். இந்த ஷெட்யூல் முடியும் கடைசி நாள், பேக்கப் சொன்ன பிறகு அவரைப் பத்து நிமிடம் நிறுத்தி, ஸ்கேலை வைத்துக் காதுக்கு மேலே, பிடரியில், நெற்றி முன்முடியில் அளவு எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் வெளியே எங்கும் வெட்டக் கூடாது, சென்னையில் முதல் நாள் காலையில் நீங்களே அந்த அளவுக்கு வெட்டுங்கள். டை அடிக்கிறவர் என்றால் நிறத்தின் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்டும் மேசை:

நான் எடிட்டர். ஒப்பனை பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் உங்கள் வேலை கடைசியில் என் மேசைக்குத்தான் வருகிறது, அதனால் இரண்டு மூன்று விஷயம்.

நிறத்தில் சின்ன வித்தியாசம் என்றால் டிஐயில், அதாவது கடைசியில் கம்ப்யூட்டரில் நிறம் திருத்தும்போது, சரிசெய்துவிடலாம். காயத்தின் இடமும் வடிவமும் மாறினால் எங்களால் முடியாது, முடிந்தாலும் ஒவ்வொரு ஃபிரேமாக கிராஃபிக்ஸில் போக வேண்டும், சின்னப் படத்தில் அதற்குக் காசு இருக்காது. அப்புறம், பார்வைத் திசை தப்பாகிவிட்ட ஷாட்டைச் சில சமயம் நாங்கள் இடம் வலமாகத் திருப்பிப் போட்டுக் காப்பாற்றுவோம். ஒரு பக்கம் காயம் இருக்கிற முகத்தில் அது நடக்காது. அந்த ஷாட் போனது போனதுதான், கேமரா குழுவிடமும் சொல்லிவையுங்கள்.

எனக்கு அதிகம் தொந்தரவு தருவது காட்சிக்குக் காட்சி வரும் தப்பு அல்ல, ஒரே காட்சிக்குள் வருவது. மாஸ்டர் ஷாட், அதாவது காட்சி முழுவதையும் தள்ளி நின்று எடுப்பது, காலையில் எடுத்திருப்பார்கள், முகத்தில் வியர்வை, நெற்றியில் ஒரு முடி விழுந்து ஒட்டியிருக்கும். குளோஸப் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்குள் டச்சப் ஆள் அன்போடு வந்து பவுடர் போட்டுத் துடைத்து முடியை ஒதுக்கிவிட்டுப் போயிருப்பார். நடிப்பு குளோஸப்பில் பிரமாதமாக இருக்கும், என்னால் அங்கே வெட்ட முடியாது. தயவுசெய்து டச்சப் செய்வதற்கு முன்னால் மானிட்டரில் மாஸ்டர் ஷாட்டின் அந்த வசனத்தை ஒருதடவை ஓட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள், ஒரு நிமிட வேலை.

காட்சி தொடங்கும்போது மட்டும் போட்டோ எடுக்கிறார்கள், முடியும்போது எடுப்பதில்லை. அடுத்த காட்சி அந்த முடிவிலிருந்துதானே தொடங்குகிறது? அழுது முடித்த கண், கலைந்த தலை, அதுதான் எனக்கு வேண்டும். படங்களை வாட்ஸப்பில் மட்டும் வைக்காதீர்கள், கோப்பின் பெயர் மாறும், தரம் குறையும், ஐந்து வாரம் கழித்துத் தேடினால் நல்ல காலை வணக்கம் படங்களுக்கு நடுவே கிடக்கும்.

உங்கள் வார்டுக் காட்சியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இரண்டு காட்சிக்கும் நடுவே வேறொரு ஷாட், மனைவி வராந்தாவில் உட்கார்ந்திருப்பதோ ஜன்னல் வெளிச்சம் மாறுவதோ, ஒரு ஏழெட்டு வினாடி இருந்தால் கண் ஒரு விரல் அகலத்தை நினைவில் வைத்திருக்காது. அப்படி ஒன்றைச் சென்னையில் எடுத்துத்தரச் சொல்லி இயக்குநரிடம் கேளுங்கள்.

களரி:

நான் சினிமா ஆள் இல்லை, செய்யாறு பக்கம் கூத்து. படித்துக்கொண்டே வந்தேன், எங்களுக்கும் இது உண்டு என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

பாரதக் கூத்து பத்து இரவுக்கு மேல் தொடர்ந்து நடக்கும், ஒரு இரவு என்றால் பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும் வரை. அவரவர் முகத்தை அவரவர்தான் எழுதிக்கொள்ள வேண்டும், ஒரு கையளவு கண்ணாடி, முத்துவெள்ளை என்ற வெள்ளைப் பொடி, தேங்காய் எண்ணெய். ஒரே வேஷத்தை இன்றைக்கு ஒருவர் கட்டுவார், நாளைக்கு இன்னொருவர் கட்டுவார். ஆனாலும் திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வரும்போது ஊர்ச் சனம் ஒரு நொடிகூடத் தடுமாறாது, ஏனென்றால் முகச் சிவப்பும் மீசையும் கிரீடமும் யார் கட்டினாலும் அதே. வாத்தியார் எங்களுக்கு நோட்டு கொடுத்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல் போகிற வழியைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம்.

முடிக்கு எங்களிடம் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. பகடை துகில் (சூதாட்டமும் துகிலுரிதலும்) ஆடும் இரவில் பாஞ்சாலி சபதம் போடுகிறாள், அன்றிலிருந்து அவள் கூந்தல் விரிந்தேதான் இருக்க வேண்டும். நடுவில் எந்த இரவில் எந்த ஆட்டக்காரர் அந்த வேஷம் கட்டினாலும் சவுரியை முடியக் கூடாது. பதினெட்டாம் போர் முடிந்து காலையில் படுகளத்தில், அதாவது போர்க்களமாக வைத்துக்கொள்ளும் திடலில், மண்ணால் செய்த துரியோதனன் படுத்திருப்பான், அவன் ரத்தத்தைத் தடவி அங்கேதான் கூந்தல் முடிவது. ஒரு வருடம் ஓர் ஊரில் புதுப் பையன் தெரியாமல் நடு இரவில் பாஞ்சாலி வேஷத்தில் கொண்டை போட்டுக்கொண்டு களரிக்கு, கூத்து ஆடும் இடத்துக்கு, வந்துவிட்டான். முன்வரிசையில் இருந்த ஒரு கிழவி எழுந்து, "ஏம்மா, அவன் ரத்தம் இன்னும் வரலையே, அதுக்குள்ள ஏன் முடிஞ்சே" என்று கேட்டுவிட்டாள். அவளுக்குக் கோபம் இல்லை, நிஜமாகவே மனசு கலங்கிப்போய்க் கேட்டாள். அந்தக் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது.

மேடைக்கு எழுதுகிறவர்களுக்கு இன்னொன்று. இப்போது ஊருக்கு ஊர் கலர் லைட் கட்டுகிறார்கள். பச்சை விளக்கு விழுந்தால் சிவப்பு முகம் கறுப்பாகிவிடும், நீலத்தில் உதட்டுச் சிவப்பும் அப்படித்தான். வேஷம் கட்டும் முன்னால் லைட் காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அந்த வெளிச்சத்திலேயே கையில் கொஞ்சம் சாயத்தைத் தடவிப் பார்த்துவிடுங்கள்.

கண்மை:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். களரி ஐயா, அந்தக் கிழவி கேட்டதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று ராத்திரி ஸ்கிரிப்டில் கதை நாள் எழுதி முடித்தேன். 12 நாள் என்று நினைத்தது 11தான், ஒரு காட்சியில் "நேத்து" என்று வசனம் வருகிறது, அதை யாருமே கவனிக்கவில்லை. இயக்குநர் அந்த வார்த்தையை மாற்றிவிட்டார். ஷீட்டும் வெட்டிவிட்டேன், அவருக்கு இடது புருவ முனையில் ஒரு சின்ன மச்சம் இருக்கிறது, அதை வைத்தே குறித்தாயிற்று. வராந்தா ஷாட்டுக்கும் சரி சொல்லிவிட்டார்.

ஒரு சந்தேகம் மிச்சம். நேற்று துண்டைக் கழற்றிய இடத்தில் தோல் லேசாகச் சிவந்திருக்கிறது. நாளைக்கும் அதே இடத்தில் பசை போட வேண்டும்.

டச்சப் பெட்டி:

போடாதீர்கள். பிய்த்து எடுத்தீர்களா, ரிமூவர் போட்டு ஊற விட்டு எடுத்தீர்களா? எப்படியிருந்தாலும் சிவப்பு போகும் வரை அந்த இடத்தில் பசை வேண்டாம். அசிஸ்டென்ட் டைரக்டரிடம் சொல்லி, காயத்தின் மேல் பிளாஸ்திரி போட்டிருக்கும் கதை நாட்களை, இரண்டு, மூன்று, எது இருக்கிறதோ, நாளைக்கும் மறுநாளைக்கும் எடுக்கும்படி மாற்றிவிடுங்கள், பஞ்சு வைத்து ஒட்டினால் நாடா காயத்தைத் தொடாது. எந்தச் சாய்வில் ஒட்டினீர்கள் என்று அதையும் படம் எடுங்கள். பசை ஒத்துக்கொள்கிறதா என்று முழங்கை உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் விட்டுப் பாருங்கள், முதல் நாளே செய்திருக்க வேண்டியது. நாளைக் காலையில் அவர் வந்ததும் அந்தக் கையைப் பார்த்துவிட்டு அப்புறம் கண்ணாடி முன்னால் உட்கார வையுங்கள்.